தவளையின் ஊசி

அந்தச் சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு ஜெராக்ஸ் அக்கா ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்காக நாற்பது பக்க மனுவை ஆறு செட் எடுத்துக்கொண்டிருந்தாள். நான்காவது செட்டில் காகிதம் சிக்கியது. மெஷினின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, உருளைக்கு அடியில் விசிறிபோல் மடிந்து கிடந்த தாளை இரண்டு விரலால் இழுத்துக்கொண்டிருந்தபோது மேஜைமேல் இருந்த அவளுடைய கைபேசி அலறியது. யாரோ கூப்பிடும் மணியோசை இல்லை அது. குழந்தை வீறிடுவதற்கும் சைரனுக்கும் நடுவில் ஒரு சத்தம். பெயர் கொடுத்துப் பதினான்கு மாதம் ஆகியும் பயிற்சி நாளில் ஒரே ஒரு தடவைதான் அதைக் கேட்டிருந்தாள்.

திரையில் மூன்று வரி இருந்தது. கடுமையான ஒவ்வாமை. ஆண், வயது சுமார் முப்பத்தைந்து, குளவி கொட்டியது. உங்களிடமிருந்து முந்நூற்றுப் பத்து மீட்டர். கீழே, ‘போகிறேன்’, ‘முடியாது’ என்று இரண்டு பொத்தான்கள்.

யோசிப்பதற்குள் விரல் முந்திக்கொண்டது. ‘போகிறேன்’ பச்சையாக மாறிய பிறகுதான், ஊசி மாடியில் மகளுடைய பையில் இருக்கிறது என்பதே அவளுக்கு நினைவு வந்தது.

“சார், கொஞ்சம் கடையைப் பாத்துக்கோங்க.”

“ஏம்மா, என் மனு?” என்றார் குமாஸ்தா. அவள் படியேறிக்கொண்டிருந்தாள்.

இந்த ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சிலருக்குச் சில பொருள் ஒத்துக்கொள்ளாது. ஒருவருக்கு இறால், ஒருவருக்கு வேர்க்கடலை, ஒருவருக்குத் தேனீயின் கொடுக்கு. சும்மா தடிப்பும் அரிப்புமாக வந்து போனால் பரவாயில்லை. சிலருக்குத் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, இரத்த அழுத்தம் சரிந்து, அரை மணி நேரத்தில் ஆளே போய்விடலாம். அந்த நேரத்தில் முதலில் வேண்டியது அட்ரினலின் ஊசி. தடித்த பேனா மாதிரிக் குழாயில் மருந்தை அடைத்து விற்கிறார்கள். தொடையில் வைத்து அழுத்தினால் போதும், நர்ஸ் வேண்டாம். ஆம்புலன்ஸ் வரக் கால் மணி நேரம் ஆகலாம். ஆனால் பக்கத்துத் தெருவில் யாரோ ஒருத்தர் பையில் அந்த ஊசி சும்மா கிடக்கும். இதை யோசித்த சில குடும்பங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையோடு பேசி, ஊசி வைத்திருப்பவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தன. அழைப்பு வந்தால் அரை கிலோமீட்டருக்குள் இருப்பவர்களின் கைபேசி அலறும். போக முடிந்தவர் போகலாம். கொடுத்த ஊசிக்குப் பதிலாகச் சங்கம் வேறொன்று வாங்கித் தரும்.

ஜெராக்ஸ் அக்காவுக்கு ஒவ்வாமை எதுவும் கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. அவளுடைய ஒரே மகளுக்குத்தான் முந்திரிப் பருப்பு ஆகாது. நாலு வயதில் பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக்கில் ஒரு துணுக்கு தின்று, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். இப்போது பதினைந்து. பள்ளி நீச்சல் குழுவில் மார்பு நீச்சலில் முதலாவதாக வருபவள். தண்ணீரில் கால் உதைக்கும் அழகைப் பார்த்து அப்பா வைத்த ‘தவளை’ என்கிற பெயர் வீட்டிலும் பள்ளியிலும் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து முழிப்பாள்.

அவளுக்கு எப்போதும் கைவசம் இரண்டு ஊசி இருக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. ஆனால் ஆறு மாதமாக மருந்துக் கடைகளில் தட்டுப்பாடு. ஒன்று பள்ளி மருத்துவ அறை அலமாரியில் இருந்தது. மற்றது நீச்சல் பையின் முன்ஜிப்பில், நீச்சல் கண்ணாடிக்குப் பக்கத்தில்.

அந்தப் பை இரண்டாம் மாடியில், வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அக்கா ஜிப்பைத் திறந்து ஊசியை எடுத்தாள். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தவளை தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள், ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டும் இருந்தாள். குளியலறைக் கதவுக்கும் தாய்க்கும் நடுவில் நாலு எட்டு தூரம்.

அக்கா அங்கே நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் இருக்கலாம். பிறகு வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினாள்.

பின்தெருவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடி ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டும்போது பெயிண்டரின் கரண்டி குளவிக்கூட்டில் பட்டிருக்கிறது. ஏழெட்டு இடத்தில் கொட்டு. தானாகவே ஏணியில் இறங்கி வந்து, “ஒண்ணுமில்லடா, கடுக்குது” என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தவர், அடுத்த ஐந்து நிமிடத்தில் பேச முடியாமல் சாய்ந்துவிட்டார். கூட்டாளிதான் அவசர எண்ணை அழைத்தது.

அக்கா போய்ச் சேர்ந்தபோது கட்டடத்து வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் வைத்தியர்களாக மாறியிருந்தார்கள். ஒரு பெண் வெங்காயத்தை வெட்டிக் கொட்டுவாயில் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் சாவியை அழுத்தித் தேய்க்கச் சொன்னார். கூட்டாளி ஒரு சொம்புத் தண்ணீரைப் பெயிண்டர் வாயில் ஊற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி குடுக்காதீங்க. யாரும் எதுவும் குடுக்காதீங்க. தள்ளுங்க.”

“நீங்க டாக்டரா?” என்றார் சாவிக்காரர்.

“ஜெராக்ஸ் கடை.”

பதில் யாருக்கும் திருப்தி தரவில்லை. ஆனாலும் தள்ளி நின்றார்கள். அக்காவின் கைபேசியில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் குரல் கேட்டது. “மேடம், ஸ்பீக்கர்ல போடுங்க. மூச்சு விடுறாரா?”

விட்டார். விசில் மாதிரிச் சத்தத்தோடு விட்டார். இமைகள் வீங்கிக் கண் கோடாகிவிட்டது. உதடு நீலம் பாய்ந்து தடித்திருந்தது. கழுத்திலும் கையிலும் தேசப்படம் மாதிரிச் சிவப்புத் தடிப்பு.

“தொடையோட வெளிப்பக்கம், நடுவுல. பேண்ட் மேலயே போடலாம்” என்றது குரல்.

பயிற்சி வகுப்பில் அக்கா ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பார்த்திருக்கிறாள். மருந்தில்லாத போலி ஊசியைச் சொந்தத் தொடையில் அழுத்திப் பார்த்திருக்கிறாள். ஆனால் பத்து வருடப் பெயிண்ட் ஏறிய பேண்ட்டைப் பற்றி வகுப்பில் யாரும் சொல்லவில்லை. துணி தகரம் மாதிரி விறைத்திருந்தது. வெள்ளை, பச்சை, காவி என்று அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தது. அவள் விரலால் தடவித் தடவி, பெயிண்ட் படாத ஓர் உள்ளங்கை அகல இடத்தைக் கண்டுபிடித்தாள். பாதுகாப்பு மூடியைக் கழற்றினாள். அழுத்தினாள். ‘டக்’ என்றது. பத்துவரை எண்ணினாள். கூட்டமும் சேர்ந்து எண்ணியது.

“அவ்வளவுதானா?” என்றார் கூட்டாளி. ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருந்தார் போல.

“அவ்வளவுதான். நேரத்தைச் சொல்லுங்க யாராவது.”

“பதினொண்ணு இருபத்தேழு” என்றாள் வெங்காயக்காரி.

பெயிண்டர் எழுந்து நிற்க முயன்றார். கட்டுப்பாட்டு அறைப் பெண் கத்தினாள். எழுந்தால் இரத்தம் காலுக்கு இறங்கிவிடும், இதயம் நின்றுபோகலாம், நிற்கவிடக் கூடாது. மூச்சு திணறுவதால் முதுகுக்கு முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைத்து, காலை நீட்டிவிடச் சொன்னாள். கூட்டாளி பெயிண்டரின் முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் எங்கே என்று அக்கா கேட்டாள். பெரிய சாலையில் குழாய் பதிக்கத் தோண்டியிருக்கிறார்கள், சுற்றி வருகிறது, இன்னும் பத்து நிமிடம் என்று பதில் வந்தது.

மூன்று நிமிடத்தில் விசில் சத்தம் கொஞ்சம் குறைந்தது. கூட்டத்தில் ஒருவர் கைகூடத் தட்டினார். ஆனால் ஐந்தாவது நிமிடம் மறுபடி மோசமானது. தலை தொங்கியது. கூட்டாளி, “அண்ணே, அண்ணே” என்று கன்னத்தைத் தட்டினார்.  அக்காவின் கையில் இருந்தது காலிக் குழாய்.

அப்போது தெருமுனையில் ஒரு பருத்த மனிதர் வேட்டியும் ஓட்டமுமாக வருவது தெரிந்தது. மார்க்கெட் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருக்கு இறால் ஆகாது. கைபேசி அலறியபோது ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தாராம். சோதனைக்கான கனமான சட்டத்தை வாடிக்கையாளர் மூக்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

“குடுத்தாச்சா?”

“ஒண்ணு குடுத்தாச்சு. போதல.”

“இரண்டாவது போடலாம்” என்றது குரல்.

கண்ணாடிக்கடைக்காரர் மண்டியிட்டு, அடுத்த தொடையில் தன் ஊசியை வைத்து அழுத்தினார். அவர் பத்து எண்ணவில்லை. கடவுள் பெயர்கள் பத்தைச் சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சைரன் கேட்பதற்குச் சற்று முன்பு பெயிண்டர் கண்ணை இடுக்கித் திறந்து, உதட்டை அசைத்தார். கூட்டாளி காதைக் கொண்டுபோனார்.

“என்ன சொல்றாரு?”

“மேலே பெயிண்ட் டப்பா திறந்து கிடக்காம். மூடச் சொல்றாரு.”

சிரித்தவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஆக்ஸிஜன் மாட்டி, ஊசி போட்ட நேரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, காலிக் குழாய்களையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்தது. கண்ணாடிக்கடைக்காரர் கட்டடத்துப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“உங்ககிட்ட இன்னொண்ணு இருக்குங்களா?” என்று அக்கா கேட்டாள்.

“எங்க? ஒண்ணுதான் கிடைச்சுது. இனி புதுசு வர்ற வரைக்கும் வீட்டுச் சாப்பாடுதான். உங்களுக்கு?”

“எனக்கு இல்ல. என் பொண்ணுக்கு.” சொல்லும்போதே அவளுக்கு அது நினைவு வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாவட்டங்களுக்கு இடையிலான நீச்சல் போட்டி. காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பேருந்து.

வீட்டுக்குள் நுழைந்தபோது தவளை ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தாள். நீச்சல் பையில் இருந்ததெல்லாம் தரையில் கொட்டிக் கிடந்தது.

“அம்மா, என் ஊசியைக் காணோம். நீ பாத்தியா?”

அக்கா சொன்னாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். 

“அவர் பொழச்சுட்டாரா?”

“பொழச்சுட்டாருன்னு நினைக்கிறேன். பேசினாரு.”

“நல்லது.” தரையில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பையில் போட ஆரம்பித்தாள். துண்டு, தொப்பி, நீச்சல் கண்ணாடி. பாதியில் நிறுத்தினாள். “நான் உள்ளதானே இருந்தேன். ஏன் கேக்கல?”

“நேரம் இல்லடி.”

“கதவைத் தட்ட எவ்வளவு நேரம் ஆகும்?”

 தவளை அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று தாய்க்குத் தோன்றியது.

பிறகு தொலைபேசியோடு போராட்டம். எட்டு மருந்துக் கடைகளுக்குப் பேசினாள். ஏழு கடைகளில் இல்லை; எட்டாவது கடையில், ஆர்டர் போட்டால் வியாழக்கிழமை வரும் என்றார்கள். சங்கத்தின் செயலாளர் மன்னிப்புக் கேட்டார். அவர்களிடமே இருப்பு இல்லை, புதன்கிழமை கண்டிப்பாக அனுப்புவதாகச் சொன்னார். பள்ளி மருத்துவ அறைச் சாவி நர்ஸிடம் இருந்தது. நர்ஸ் தங்கை வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போயிருந்தாள். வாட்ச்மேன், “பூட்டை உடைச்சா என் வேலை போயிடும்மா” என்றார். அதில் நியாயம் இருந்தது.

கடைசியாக நீச்சல் மாஸ்டரிடம் பேசினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இங்கேயிருந்து ரெண்டு மணி நேரப் பயணம். அங்கே கேன்டீன்ல எதுல என்ன கலக்குறாங்கன்னு எனக்குத் தெரியாது. ஊசி இல்லாம இந்தப் பொண்ணை வண்டியில ஏத்த மாட்டேன்.”

“வீட்டுச் சாப்பாடு கட்டிக் குடுத்துடறேன். நானும் கூட வர்றேன்.”

“நீங்க கூட வந்து என்ன செய்வீங்க?” என்று மாஸ்டர் கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். 

தவளை இதையெல்லாம் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மாலை ஆறு மணிக்கு நீச்சல் பையை ஆணியிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஏதோ ஒரு கட்டடத்துக் குழிக்குள் இருந்ததால் செய்தி அவருக்கு எட்டியிருக்கவில்லை. கையில் கிரீஸ் கறையோடு வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கையை வெகுநேரம் கழுவினார்.

“சொல்லுங்க. திட்டணும்னா திட்டிடுங்க” என்றாள் அக்கா.

“நீ செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன். சரின்னு சொல்லவும் வாய் வரல.” துண்டில் கையைத் துடைத்தார். “ரெண்டு வருஷமா அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சிருக்கா அந்தப் பிள்ளை. ஒரு நாள் நான் எழுப்பினது இல்ல.”

“ஒரு ஆள் செத்துட்டிருந்தாரு.”

“தெரியும். அதனாலதான் வாய் வரலைங்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வீட்டிலேயே இருந்தார்கள். கடை திறக்கவில்லை. பத்தே முக்காலுக்குத் தவளை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். போட்டியில் அவளுடைய பிரிவு நீரில் இறங்கும் நேரம் அது. அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். பிறகு குறைத்தார். ஒரு மணிக்குத் தோழி ஒருத்தியிடமிருந்து செய்தி வந்தது. மார்பு நீச்சல் இருநூறு மீட்டரில் முதலாவதாக வந்தவளின் நேரம், தவளை போன வாரம் பயிற்சியில் எடுத்த நேரத்தைவிட ஒரு வினாடி அதிகம். தவளை அதைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றாள். பிறகு எல்லோரும் தூங்கிய நேரம் பார்த்து எழுந்து வந்து சாப்பிட்டாள். அக்கா தூங்கவில்லை. பாத்திரச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தாள்.

நாலரை மணிக்கு வாசல் மணி அடித்தது. பெயிண்டரும் கூட்டாளியும் நின்றார்கள். பெயிண்டர் முகம் இன்னும் பாதி உப்பித்தான் இருந்தது. ஒரு கண் திறந்தும் ஒரு கண் திறக்காமலும் இருந்ததால், பார்ப்பவர்களையெல்லாம் கண்ணடிக்கிற மாதிரி இருந்தது. முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“அக்கா, நேத்து நீங்கதான்னு இவன் சொன்னான். எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல.” அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்தார். “ஒரு நாள் வச்சுப் பாத்துட்டு இப்பதான் விட்டாங்க. நேரா இங்கதான் வர்றோம்.”

“உள்ள வாங்க தம்பி. ஏன் இவ்வளவு சீக்கிரம் அலையுறீங்க?” அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு, “நான் தூக்கிட்டு வந்தவதான். ஊசி என் பொண்ணோடது” என்றாள்.

தவளை அறை வாசலில் வந்து நின்றாள். பெயிண்டர் எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது கூச்சமாகப் போயிற்று.

“உட்காருங்கண்ணா.”

“உனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலம்மா.”

“எனக்கு இன்னைக்குப் போட்டி இருந்துச்சு. ஊசி இல்லாததால போக முடியல.”

“ஏய்” என்றாள் அக்கா.

“கேட்டாருல்ல. சொன்னேன்.”

 கூட்டாளி சுவரைப் பார்த்தார். தொழில் பழக்கத்தில் ஜன்னலோரம் உரிந்திருந்த இடத்தில் அவருடைய கண் நின்றது.

“என்ன போட்டி?” என்று பெயிண்டர் கேட்டார்.

“நீச்சல்.”

அவர் வெகுநேரம் யோசித்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். கிடைக்கவில்லை போல. “எனக்கு நீச்சல் தெரியாது” என்றார் கடைசியில்.

தவளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்பாவும் சிரித்தார். எதற்கு என்று புரியாமல் பெயிண்டரும் சிரிக்க முயன்று, உதடு வலித்து நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் பெயிண்டர் மடியில் வைத்திருந்த மருந்துப் பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியது. பேனா ஊசி. ஒட்டுத்தாள் பிரிக்காமல் இருந்தது.

“இதை எப்பவும் கூடவே வச்சுக்கணும்னாங்க. ஒண்ணுதான் இருந்துச்சாம். நீ வச்சுக்கோம்மா. உன் பொருளை உனக்குத் திருப்பித் தரணும்ல?”

அக்காவின் கை தன்னையறியாமல் பாதி நீண்டது. பிறகு மடிக்கு வந்துவிட்டது. இதைத் தவளை பார்த்தாள்.

“வேணாம். மறுபடி குளவி கொட்டினா நேத்தைவிட மோசமாகலாம். உங்களுக்கு வேணும்” என்றாள். பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, ஒட்டுத்தாளைப் பிரித்து, காலாவதி தேதியைப் பார்த்தாள். “எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடுத்தாங்களா?”

“ஏதோ சொன்னாங்க. நான் பாதி மயக்கத்துல இருந்தேன்.”

தவளை உள்ளே போய்ப் பயிற்சிக்கான போலி ஊசியை எடுத்து வந்தாள். அடுத்த இருபது நிமிடம் பெயிண்டரைப் பாடாய்ப் படுத்தினாள். மூடியைக் கழற்று, முஷ்டியாகப் பிடி, கட்டைவிரலை முனையில் வைக்காதே, தொடையின் வெளிப்பக்கம், அழுத்து, எண்ணு. முதல் தடவை தலைகீழாகப் பிடித்தார்.

“இப்ப உங்க கட்டைவிரல்ல குத்திடுச்சு. மருந்து போச்சு. நீங்க கீழ விழுந்துட்டீங்க. மறுபடி.”

நான்காவது தடவை சரியாக வந்தது. பிறகு கூட்டாளியையும் செய்ய வைத்தாள். பெயிண்டர் மயங்கி விழுந்தால் போடப்போவது அவர்தானே. கூட்டாளி ஒரே தடவையில் சரியாகச் செய்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தார்.

கிளம்பும்போது தவளை கேட்டாள், “அண்ணா, எங்க பட்டியல்ல நீங்களும் சேர்றீங்களா? பக்கத்துல யாருக்காவது இப்படி ஆனா உங்க போன் அடிக்கும்.”

“நான் ஒரு இடத்துல இருக்கறவன் இல்லம்மா. இன்னைக்கு இந்தத் தெரு, நாளைக்கு எந்தத் தெருவோ.”

“அதுதான் நல்லது. எங்க இருக்கீங்களோ அங்க அடிக்கும்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள், “ஆனா யோசிச்சுட்டுச் சேருங்க. குடுத்துட்டா அப்புறம் உங்களுக்கு இருக்காது. அது சும்மா இல்ல.”

பெயிண்டர் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார். பத்து நாள் கழித்துச் சங்கத்திலிருந்து அக்காவுக்குத் தெரிந்தது, பெயர் கொடுத்துவிட்டார் என்று.

அவர்கள் போன பிறகு அக்கா சமையலறையில் தேநீர் தம்ளர்களைக் கழுவினாள். தவளை பின்னால் வந்து துடைக்க ஆரம்பித்தாள். 

“நேரம் இல்லன்னு சொன்னது பொய்” என்றாள் அக்கா, குழாயைப் பார்த்தபடி. “கதவுகிட்ட நின்னேன். நீ பாடிட்டிருந்த. கேட்டா வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன். நாளைக்குப் போட்டின்னு நினைவு வரலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். உள்ளுக்குள்ள எங்கயோ இருந்திருக்கும். அதான் கதவைத் தட்டல.”

தவளை தம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

“சொல்லியிருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியல. நேத்துலேருந்து அதைத்தான் யோசிச்சுட்டிருக்கேன். வேணாம்னு சொல்லியிருந்தா?”

“சொல்லியிருந்தாலும் நான் எடுத்துட்டுப் போயிருப்பேன்.”

“அப்போ நான் திட்டியிருப்பேன். அது வேற.” தம்ளரை அடுக்கில் கவிழ்த்தாள். “இப்ப யாரைத் திட்டறதுன்னே தெரியல. அதுதான் கோபமா இருக்கு.”

அக்கா அவள் தலையில் கை வைத்தாள். தவளை தலையை இழுத்துக்கொள்ளவில்லை. அருகே வரவும் இல்லை.

புதிய ஊசி புதன்கிழமை கூரியரில் வந்தது. அந்த வாரமே அக்கா சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஊசி பிள்ளையுடையதாக இருந்து, பெயர் பெற்றோருடையதாக இருக்கும் வீடுகளில், பிள்ளையிடமும் முன்கூட்டியே பேசிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று. சங்கத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. பத்து வயதுப் பிள்ளையிடம் போய் யார் உயிர் பெரிது என்று கேட்பதா என்று ஒரு தகப்பனார் சத்தம் போட்டார். மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று முடிவானது. புதுப் படிவத்தை அச்சடிக்கும் வேலை அக்காவின் கடைக்கே வந்தது. தவளை கையெழுத்துப் போடுவதற்கு நாலு நாள் எடுத்துக்கொண்டாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

மறு வருடப் போட்டிக்குப் போனாள். நான்காவதாக வந்தாள். முந்தைய வருடம் போயிருந்தால் முதலாவதாக வந்திருப்பாளா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவள் மட்டும் எப்போதாவது, நேரங்கள் எழுதி வைத்திருக்கும் நோட்டைப் புரட்டுவாள்.

மழைக்காலத்தில் ஒரு மாலை மறுபடி கைபேசி அலறியது. பள்ளி விட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தாள் தவளை. திரையை அவள்தான் முதலில் பார்த்தாள். நானூறு மீட்டர், பெண், வயது ஐம்பது. அக்கா வாயைத் திறக்கும் முன்பே ஊசி இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். அக்கா ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். இரண்டாவது திருப்பத்தில் மகள் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாவது திருப்பத்தில் மகள் எதிரே நடந்து வந்துகொண்டிருந்தாள், சொட்டச் சொட்ட நனைந்து.

“என்னாச்சு?”

“ஆம்புலன்ஸ் எனக்கு முன்னாடியே வந்துடுச்சு. ஊசி போட்டாச்சு. அந்த ஆன்ட்டி உட்கார்ந்து போன்ல யார்கூடவோ சண்டை போட்டுட்டிருக்காங்க.”

“அப்ப நல்லாதான் இருக்காங்க.”

“நல்லாதான் இருக்காங்க” என்றாள் தவளை. இருவரும் ஒரு கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கி, மழை விடட்டும் என்று நின்றார்கள்.